வீட்டை விற்று அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது: கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: "அக்கா, லண்டன் குரொய்டனில் எங்களுக்கு ஒரு சின்ன டெரஸ் வீடு. இன்றைய விலை 4 லட்சம் பவுண் வரும். மோட்கேஜ் இன்னும் இரண்டரை லட்சம் இருக்கிறது, கட்டி முடிய 18 வருடம். இவருக்கு வேலை போய் 7 மாதத் தவணை நின்றுபோயிற்று. இப்போது ஒருவர் வீடு தேடி வந்து, 3 லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் அதே வீட்டில் வாடகைக்கு இருங்கள், 3 கிழமையில் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார். அயர்லாந்தில் என் சிநேகிதி இப்படிச் செய்துதான் வீட்டில் இருக்கிறாள். அரசாங்கமே இதற்குத் திட்டம் வைத்திருக்கிறதாம். கையெழுத்துப் போடலாமா?"

தங்கச்சி, போடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரையாவது பேனாவைத் தொடாதீர்கள்.

உங்கள் சிநேகிதி செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அவர் செய்ததும் உங்கள் வாசலில் நிற்கும் மனிதர் சொல்வதும் ஒன்றல்ல. இரண்டிலும் வீட்டுக்காரர் வாடகைக்காரர் ஆகிறார். ஒற்றுமை அவ்வளவுதான். யார் வாங்குகிறார், என்ன விலைக்கு, எவ்வளவு காலத்துக்கு எழுதித் தருகிறார், மிச்சக் கடன் யார் தலையில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் இரண்டும் எதிரெதிரான காரியங்கள்.

நம் ஊர் வழக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். காணியை ஒற்றி வைத்தால் அதன் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார், உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், நம் பெயரிலேயே இருக்கும். பணத்தைக் கொடுத்தால் காணி திரும்பி வரும். இந்த மனிதர் கேட்பது அதற்கு நேர் எதிர். அனுபவிப்பது நீங்கள், உறுதி அவர் பெயரில். இது ஒற்றி அல்ல, அறுதி விற்பனை. அறுதியாக எழுதிக் கொடுத்தபின் அந்த வீட்டில் உங்களுக்கு இருப்பது வாடகைக்காரருக்கு உள்ள உரிமை மட்டும். அது எவ்வளவு மெல்லியது என்பதை 2008, 2009 காலத்தில் கடன் ஆலோசனை மேசையில் உட்கார்ந்து நான் கண்ணால் பார்த்தேன்.

அயர்லாந்துத் திட்டத்தை முதலில் சொல்கிறேன். எது நியாயமான ஏற்பாடு என்று தெரிந்தால்தான் எது நியாயமில்லை என்பதும் தெரியும்.

2008-இல் அங்கே வீட்டு விலை சரிந்தபோது, 3 லட்சம் யூரோ கடனுக்கு வாங்கிய வீடு ஒன்றரை லட்சத்துக்கும் போகாத நிலை வந்தது. விற்றாலும் கடன் தீராது, வைத்திருக்கவும் வருமானம் இல்லை. இந்தச் சிக்கலை ஆராய அரசு அமைத்த குழு 2011-இல் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்றுதான் மோட்கேஜ்-டு-ரென்ட். 2012-இல் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் முதலில் தன் பாக்கித் தீர்வு நடைமுறை முழுவதையும் முடித்து, "இந்தக் கடனை இந்தக் குடும்பம் இனித் தாங்காது" என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பத்தின் வருமானம் சமூக வீட்டுக்குத் தகுதி பெறும் அளவுக்குள் இருக்க வேண்டும். குடும்பத்தின் தேவைக்கு மிஞ்சிய பெரிய வீடாகவும் இருக்கக் கூடாது. இவையெல்லாம் பொருந்தினால், அரசு அங்கீகரித்த வீட்டுவசதி அமைப்பு ஒன்று சுதந்திரமான மதிப்பீட்டின்படி வீட்டை வாங்குகிறது. 2017-இல் திட்டத்தை மறுபரிசீலனை செய்தபின், நீண்டகாலக் குத்தகையில் வீட்டை உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கே விடும் தனியார் நிறுவனங்களுக்கும் இதில் இடம் கொடுத்தார்கள். விற்ற பணம் நேரே கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். அதற்கு மேலும் கடன் மிஞ்சினால் அதை என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி முடிக்கிறார்கள்.

வாடகைதான் இதில் முக்கியம். அங்கே வாடகையைச் சந்தை தீர்மானிப்பதில்லை, குடும்பத்தின் வருமானம் தீர்மானிக்கிறது. வேலை போனால் வாடகை குறையும், வேலை கிடைத்தால் கூடும். வீட்டுக்காரர் என்ற இடத்தில் கவுன்சிலோ வீட்டுவசதி அமைப்போ இருப்பதால், "விற்கப் போகிறேன், வெளியேறு" என்று ஒருவர் திடீரென்று வந்து நிற்க மாட்டார். கையில் பணம் சேர்ந்தால் வீட்டைத் திரும்ப வாங்கவும் வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் சிநேகிதியின் பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவது இதனால்தான்.

ஆனால் அதுவும் மெதுவாக ஓடிய வண்டிதான். முதல் நான்கு ஐந்து வருடங்களில் சில நூறு குடும்பங்களுக்கு மேல் போய்ச் சேரவில்லை. கடன் கொடுத்தவர், குடும்பம், வாங்கும் அமைப்பு என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சம்மதிக்க வேண்டும். பிரிந்துபோன கணவன் கையெழுத்துப் போட மறுத்தால் நின்றுவிடும், கூரை ஒழுகினால் நின்றுவிடும், உறுதியில் சிக்கல் இருந்தால் நின்றுவிடும். 3 கிழமையில் முடியும் என்று அங்கே ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடனைக் கழித்தபின் வீட்டில் கணிசமான பெறுமதி மிஞ்சும் குடும்பத்துக்கு அந்தத் திட்டம் கிடைக்காது. உங்கள் வீட்டில் கடனும் பாக்கியும் போக ஏறக்குறைய 1 லட்சத்து 39 ஆயிரம் பவுண் உங்களுடையது. நீங்கள் டப்ளினில் இருந்திருந்தால் உங்கள் விண்ணப்பம் முதல் மேசையிலேயே திரும்பியிருக்கும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டின் விலையை விடக் கடன் பெரிதாக இருப்பவருக்கு உறுதி என்பது வெறும் கோது. அதை விட்டுக் கொடுத்துத் தலைக்கு மேல் கூரையை வாங்கிக்கொள்வதில் நட்டமில்லை. உங்கள் கையில் இருப்பது கோது அல்ல.

இங்கிலாந்தில் அரசுத் திட்டம் இருக்கிறதா என்றால், இருந்தது, இப்போது இல்லை. 2008 செப்டெம்பரில் அறிவித்து 2009 ஜனவரியில் தொடங்கினார்கள். மோட்கேஜ் ரெஸ்கியூ ஸ்கீம் என்று பெயர். 1991-இல் ஒரே வருடத்தில் இந்த நாட்டில் 75,500 வீடுகளைக் கடன் கொடுத்தவர்கள் எடுத்தார்கள், அது திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் செய்தது. பிள்ளைகள் உள்ள குடும்பம், முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி என்று, வீடு போனால் கவுன்சில் எப்படியும் பார்த்தாக வேண்டியவர்களுக்கு மட்டும். ஹவுசிங் அசோசியேஷன் என்ற வீட்டுவசதி அமைப்பு வீட்டை வாங்கும், குடும்பம் சந்தை வாடகையை விடக் குறைந்த வாடகையில் அங்கேயே இருக்கும். முதல் இரண்டு வருடத்தில் 205 மில்லியன் பவுணில் 6,000 குடும்பங்களைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டார்கள். தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2011-இல் பார்த்தபோது 240 மில்லியன் செலவாகி 2,600 குடும்பங்கள்தான் பயன்பெற்றிருந்தன. கடனில் ஒரு பகுதியை மட்டும் அடைத்து உரிமையை விட்டுவைக்கும் இன்னொரு வழியும் அதே திட்டத்தில் இருந்தது, செலவும் அதற்குக் குறைவு. ஆனால் வந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் அது போதாமல், முழு வீட்டையும் வாங்க வேண்டியிருந்தது. 2014-இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். ஸ்கொட்லாந்து 2003-லேயே தனியாக ஒன்றைத் தொடங்கியிருந்தது. வேல்ஸ் 2023-இல் வேறு மாதிரி, உரிமையை விடாமல் கடன் உதவி செய்யும் திட்டம் கொண்டுவந்தது. குரொய்டனில் இருக்கும் உங்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. ஆகவே "அரசாங்கத் திட்டம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ஒரு சொல்லே அவரைச் சந்தேகிக்கப் போதும்.

இனி அந்த மனிதர் சொல்வதைப் பார்ப்போம். இதற்கு இந்த நாட்டில் சேல் அண்ட் ரென்ட் பேக் என்று பெயர். விற்று, திரும்ப வாடகைக்கு எடுப்பது. 2008-இல் நியாய வர்த்தக அலுவலகம் ஆராய்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்தத் தொழிலில் இருந்தன, அதுவரை ஏறக்குறைய 50,000 வீடுகள் இப்படிக் கைமாறியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். துண்டுப்பிரசுரத்தில் "எவ்வளவு காலமும் இருக்கலாம்" என்று போட்டிருக்கும். கையில் வரும் ஒப்பந்தமோ 6 மாதமோ 12 மாதமோதான்.

அந்தக் காலத்தில் என்னிடம் வந்த ஒரு தம்பதியை நான் இன்னும் மறக்கவில்லை. வீட்டைச் சந்தை விலையில் முக்கால் பங்குக்கு விற்றிருந்தார்கள். வாடகையை ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை, ரசீதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு நாள் "வீட்டில் குடியிருப்பவர்களுக்கு" என்று பெயரில்லாமல் ஒரு கடிதம். வாங்கியவர் தான் எடுத்த மோட்கேஜைக் கட்டவில்லை, அவருடைய வங்கி வீட்டை எடுக்க வருகிறது. இவர்கள் கட்டிய வாடகை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நாங்கள் ஒன்றும் பாக்கி வைக்கவில்லையே?" பாக்கி வைத்தது அவர்கள் இல்லை. ஆனால் வெளியேறியது அவர்கள்தான்.

இப்படி ஏமாந்தவர்கள் நீதிமன்றம் போகாமல் இல்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் நூறு குடும்பம் அளவில் இதே கதைதான். விருப்பமுள்ளவரை இருக்கலாம் என்று வாய்வார்த்தை தந்து வாங்கியவர்கள், அந்த வாக்கை மறைத்து வங்கிக் கடன் எடுத்து, கட்டாமல் விட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்காகத் தேர்ந்தெடுத்த மாதிரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வீட்டை வாங்குபவர் உறுதி தன் பெயருக்கு வரும் முன்னால் கொடுத்த வாக்கு அவரை மட்டும்தான் கட்டும், அவருக்குக் கடன் கொடுத்த வங்கியைக் கட்டாது, வங்கியின் உரிமைதான் முந்தும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்தக் குடும்பங்களின் நிலையைப் பார்த்து அவர்கள் இரங்கியதும் தீர்ப்பில் தெரிகிறது. ஆனால் இரக்கம் தீர்ப்பை மாற்றவில்லை. இன்றும் சட்டம் அதுதான். உங்கள் வாசலில் நிற்பவர் மனதார நல்லவராகவே இருக்கலாம். அவருடைய வங்கிக்கு அவருடைய நல்ல மனதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

2009 ஜூலையில் இருந்து இந்தத் தொழில் நிதித்துறைக் கண்காணிப்பின் கீழ் வந்தது, 2010 ஜூனில் முழு விதிகள் வந்தன. வீடு தேடிப் போய் ஆள் பிடிக்கக் கூடாது, துண்டுப்பிரசுரம் போடக் கூடாது. சுதந்திரமான மதிப்பீட்டாளர் விலை சொல்ல வேண்டும். குறைந்தது 5 வருட வாடகை ஒப்பந்தம் தர வேண்டும். யோசித்து விலகிக்கொள்ள 14 நாள் தர வேண்டும். விதிகள் வந்தபின் எப்படி நடக்கிறது என்று 2012 பெப்ரவரியில் கண்காணிப்பு ஆணையம் பார்த்தது. நடந்த விற்பனைகளில் அநேகமாக எல்லாமே அந்தந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாதவை, தாங்க முடியாதவை என்று கண்டது. பெரும்பாலான நிறுவனங்கள் அத்தோடு கடையைக் கட்டின. இன்றைக்கு எஃப்.சி.ஏ. என்ற நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் இதைத் தொழிலாகச் செய்வது குற்றம். உங்களிடம் வந்தவர் கூப்பிடாமலே வந்திருக்கிறார், 3 கிழமை என்கிறார், மதிப்பீட்டாளர் பேச்சே இல்லை. எத்தனை விதி மீறியிருக்கிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 4 லட்சம் பெறும் வீட்டை 3 லட்சத்துக்குக் கொடுக்கிறீர்கள். மாதம் 1,560 பவுண் வீதம் 7 மாதப் பாக்கி ஏறக்குறைய 11,000. கடனும் பாக்கியும் கட்டியபின் 39,000 கையில் நிற்கும், அதில் சொலிசிட்டர் செலவும் போகும். அதாவது 11,000 பவுண் பிரச்சினையைத் தீர்க்க 1 லட்சம் பவுண் கொடுக்கிறீர்கள். இதே வீட்டை எஸ்டேட் ஏஜென்ட் மூலம் நான்கைந்து மாதம் எடுத்து 3 லட்சத்து 90 ஆயிரத்துக்கு விற்றாலும் 1 லட்சத்து 29 ஆயிரம் மிஞ்சும். விற்கத்தான் வேண்டும் என்றால் அப்படி விற்றுவிட்டு, யாருடைய வீட்டிலாவது நிம்மதியாக வாடகைக்கு இருக்கலாம். அதே வீடு என்பதற்காக 90,000 பவுண் கொடுப்பதா என்பதை நீங்களும் தம்பியும் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தப் பணம் கைக்கு வந்தபின் நடப்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டை, வருமானம் குறைந்தவருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவியில் சொத்தாகக் கணக்கிடுவதில்லை. விற்ற பணத்தைக் கணக்கிடுவார்கள். கையிருப்பு 16,000 பவுணைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை. ஆக, விற்ற அடுத்த மாதமே உதவி நின்று, மிஞ்சிய பணத்தில் இருந்தே வாடகை கட்டத் தொடங்குவீர்கள். ஓய்வூதிய வயதுக்காரருக்கு இன்னொரு பொறியும் உண்டு. தனக்குச் சொந்தமாக இருந்த வீட்டிலேயே 5 வருடத்துக்குள் வாடகைக்கு இருந்தால், விற்காமல் அங்கே இருந்திருக்கவே முடியாது என்று காட்டாதவரை வாடகைக்கு உதவும் ஹவுசிங் பெனிஃபிட்டை மறுக்கலாம். விற்கும் நாளில் இதை யாரும் சொல்வதில்லை.

"திரும்ப வாங்கலாம் என்கிறாரே" என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் காணி, வீடு சம்பந்தமான ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும், 1989-ஆம் ஆண்டுச் சட்டம். அதை லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற காணிப் பதிவகத்தில் பதியாவிட்டால், வீடு மூன்றாம் ஆளுக்குப் போனபின் உங்கள் காகிதத்துக்கு மதிப்பு இருக்காது. வாடகைச் சட்டம் மாறியது உங்களுக்குக் கொஞ்சம் நல்லதுதான். 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தால் 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் வெளியேற்ற முடியாது. ஆனால் வீட்டை விற்கப் போகிறேன் என்பதைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்கிறது. முதல் 12 மாதம் போனபின் 4 மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும். வாடகையையும் வருடத்துக்கு ஒருமுறை சந்தை அளவுக்கு உயர்த்தக் கேட்கலாம். இன்று தவணை கட்ட முடியாத வீட்டில் நாளை குரொய்டன் சந்தை வாடகை கட்ட முடியுமா?

நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விடயம் இதுதான்: பாக்கி வைத்திருந்தாலும் நீங்கள் இன்னும் வீட்டுக்காரர். வாடகைக்காரரை விட உங்களுக்குச் சட்டத்தில் பிடிமானம் அதிகம். அதைப் பயன்படுத்திப் பார்க்காமலே அவசரப்பட்டு விட்டுக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

1970-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் 36-ஆம் பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. நியாயமான காலத்துக்குள் பாக்கியைக் கட்டிவிடுவார் என்று தெரிந்தால் வீட்டை எடுக்கும் உத்தரவை நீதிபதி நிறுத்தி வைக்கலாம். நியாயமான காலம் எவ்வளவு? முன்பு இரண்டு வருடம், நான்கு வருடம் என்று இழுபறி இருந்தது. 1990-களின் நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மோட்கேஜ் முடியும் வரைக்கும் மிச்சமுள்ள முழுக் காலத்தையும் எடுத்துக்கொள்வதில் இருந்து தொடங்கலாம் என்று சொன்னது. நோர்கன் வழக்கு என்பார்கள். உங்களுக்கு 18 வருடம் இருக்கிறது, 216 மாதம். 11,000-ஐ 216-ஆல் வகுத்தால் மாதம் 51 பவுண். வழக்கமான தவணையோடு 51 பவுண் சேர்த்துக் கட்ட முடியும் என்று வரவு செலவுக் கணக்கோடு காட்டினால் நீதிபதி கேட்பார். தவணையையே கட்ட முடியாது என்றால் இது உதவாது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் தம்பிக்கு நாளை ஒரு வேலை கிடைத்தால், வீடு நிற்பதற்கும் போவதற்கும் இடையில் இருப்பது இந்த 51 பவுண்தான்.

வேலை கிடைக்கும் வரைக்கும் என்ன செய்வது? யூனிவர்சல் கிரெடிட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இன்றே விண்ணப்பியுங்கள். நம் ஆட்களில் பலர் வெட்கப்பட்டு இதைத் தள்ளிப் போடுகிறார்கள், இடையில் சீட்டை முன்கூட்டி எடுத்தும் தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கியும் தவணை கட்டுகிறார்கள். அது ஒரு கடனை இரண்டாக்கும். தொடர்ந்து 3 மாதம் யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்தால் மோட்கேஜ் வட்டிக்கு அரசு கடன் தரும், 2 லட்சம் பவுண் வரையிலான கடனின் வட்டிக்கு, நேரே வங்கிக்கே போகும். 2023 ஏப்ரலுக்கு முன் இதற்கு 39 கிழமை காத்திருக்க வேண்டியிருந்தது. இது கடன்தான், வட்டியும் ஏறும், ஆனால் வீட்டை விற்கும்போதோ கைமாற்றும்போதோதான் திருப்பிக் கேட்பார்கள். ஏழு மாதத்துக்கு முன்பே இதைத் தொடங்கியிருக்கலாமே என்று எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது. பரவாயில்லை, இப்போது தொடங்குங்கள்.

வங்கியோடு பேச வேண்டும். கடிதங்களை உறை பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களா? எல்லாவற்றையும் பிரித்துத் திகதிப்படி அடுக்குங்கள். 2023 ஜூனில் பெரிய கடன் நிறுவனங்கள் கையெழுத்திட்ட மோட்கேஜ் சாசனப்படி, முதல் தவணை தவறியதில் இருந்து 12 மாதத்துக்குள் உங்கள் சம்மதமின்றி வீட்டை எடுக்க மாட்டார்கள். உங்கள் வங்கி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உங்களுக்கு இன்னும் 5 மாதம் இருக்கிறது, 3 கிழமை அல்ல. வட்டி மட்டும் கட்டும் வசதியை அந்தச் சாசனம் பாக்கி இல்லாதவர்களுக்குத்தான் உறுதி செய்கிறது. ஆனால் பாக்கி உள்ளவர்களுக்கும் தகுந்த ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எஃப்.சி.ஏ. விதி இருக்கிறது. வட்டி மட்டும் என்றால் உங்கள் தவணை மாதம் 730 அளவுக்கு இறங்கலாம். காலத்தை நீட்டலாம், பாக்கியை மொத்தக் கடனோடு சேர்க்கலாம். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்றத்தில் அந்தக் காகிதம் பேசும்.

வேறு கடன்களும் கழுத்தை நெரித்தால், கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் பிரீதிங் ஸ்பேஸ் என்ற சட்டப்படியான அவகாசம் எடுக்கலாம். பழைய மோட்கேஜ் பாக்கிக்காக அந்த நாட்களில் உங்களைத் துரத்த முடியாது, புதிய தவணையை மட்டும் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

நீதிமன்றக் கடிதம் வந்துவிட்டால் பயந்து ஒளியாதீர்கள். விசாரணைக்குப் போங்கள். சில நிமிடங்களில் முடியும் விசாரணை அது. வராதவருக்காகப் பேச அங்கே ஒருவரும் இருப்பதில்லை, வந்து நின்று கணக்கைக் காட்டியவர்களை நீதிபதிகள் கேட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 2023 ஓகஸ்ட் முதல், வீட்டை எடுக்கப் போவதாக எழுத்தில் அறிவித்தல் வந்ததுமே இலவச சட்ட ஆலோசனை கிடைக்கிறது, வருமானம் பார்ப்பதில்லை, விசாரணை நாளிலும் அங்கே ஒருவர் இருப்பார். உத்தரவு வந்து, வெளியேற்ற நாள் குறித்தபின்கூட, என்244 என்ற படிவத்தில் நிறுத்தி வைக்கும்படி கேட்கலாம். கவுன்சிலும் 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு உதவக் கடமைப்பட்டது. ஆனால் வீட்டை நீங்களாகவே மலிவு விலைக்கு விற்றிருந்தால், வேண்டுமென்றே வீடிழந்தீர்களா என்ற கேள்வி அங்கே எழக்கூடும். இந்த விற்பனையை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு யோசனை வரும்: மச்சான் வாங்கட்டும், நாங்கள் அவருக்கு வாடகை கட்டுகிறோம் என்று. தப்பில்லை, மனதார உதவும் உறவுகள் உண்டு. ஆனால் அவருக்கு இது இரண்டாவது வீடு என்றால் 2024 ஒக்டோபர் கடைசியில் இருந்து 5 சதவீதம் கூடுதல் முத்திரை வரி, 4 லட்சம் வீட்டுக்கு மொத்தம் 30,000 பவுண் வரும். உறவினர்தான் குடியிருக்கப் போகிறார் என்பதை அவர் தன் வங்கியிடம் மறைத்தால் அது மோசடி. இரு பக்கத்துக்கும் தனித்தனி சொலிசிட்டர் வேண்டும். இவ்வளவையும் செய்ய மச்சான் தயாராக இருந்தால், அதே 30,000-இல் உங்கள் பாக்கியை அடைத்து ஒரு வருடத் தவணையையும் கட்டிவிடலாமே என்று அவரிடம் மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

அமெரிக்காவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 2009 நவம்பரில் ஃபேனி மே என்ற வீட்டுக் கடன் நிறுவனம், வீட்டின் உறுதியைத் தானாக ஒப்படைப்பவர் 12 மாதம் வரை அதே வீட்டில் வாடகைக்கு இருக்கலாம் என்றது, வாடகை வருமானத்தில் 31 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வைத்தது. 2012 மார்ச்சில் பேங்க் ஒஃப் அமெரிக்கா அரிசோனா, நெவாடா, நியூயோர்க் மாநிலங்களில் ஆயிரத்துக்கும் குறைவான வாடிக்கையாளர்களோடு, 3 வருடம் வரை என்று ஒரு முன்னோட்டம் நடத்தியது. உறுதியைக் கொடுத்தவருடைய மிச்சக் கடனை மன்னித்தார்கள். அங்கேயும் அது கடன் வீட்டை விழுங்கிவிட்டவர்களுக்கான ஏற்பாடுதான். அயர்லாந்திலும் அப்படித்தான், அங்கே தவணைக்குத் திணறும் ஒருவர் என்னிடம் கேட்டால் மோட்கேஜ்-டு-ரென்ட்டை விசாரியுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

உங்களுக்கு இந்தக் கிழமை வேலை இருக்கிறது. திங்கள் காலை வங்கியின் பாக்கிப் பிரிவுக்கு அழையுங்கள், பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். நேஷனல் டெட்லைன், ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற மூன்று ஆலோசனை அமைப்புகளும் இலவசம், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள். மூன்று மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதி வையுங்கள், சாப்பாட்டுச் செலவைக் குறைத்து எழுதாதீர்கள், உள்ளதை எழுதுங்கள்.

அந்த மனிதர் மறுபடி வருவார். வாசலிலேயே நிறுத்தி, எஃப்.சி.ஏ. பதிவு எண்ணை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். எண் தந்தால் அதை அங்கே நிற்கும்போதே ஆணையத்தின் பதிவேட்டில் தேடுங்கள், சேல் அண்ட் ரென்ட் பேக் செய்ய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். தராவிட்டால் கதவைச் சாத்திவிட்டு, அவர் கொடுத்த காகிதங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.